தெருவில் பிறந்த முக்கலை

சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் பெருவழியில் அமைந்த பழம்பதி கரிவலம்வந்தநல்லூர். யானை வலம்வந்து வணங்கிய நல்லூர் என்பது அப்பெயரின் பொருள். புலவர்கள் அதனைக் கருவை எனச் சுருக்கி அழைத்தனர். அங்கே கோயில் கொண்டுள்ள பால்வண்ணநாதரைப் பாடிய திருக்கருவை அந்தாதிகள் தமிழறிந்தோர் போற்றும் நூல்களாகும்.

இத்துணைப் பழைமை வாய்ந்த ஊரின் தெருவிலும் புதுமை புகாமல் இல்லை. திருவிழாக் காலத்தில் மேளம் முழங்குகின்றது. இளைஞர்கள் ஒரே நிறச் சட்டை அணிந்து கூட்டமாய் ஆடி வருகின்றனர். அவர்தம் முகங்களைத் தாங்கிய வண்ணப் பதாகை தெருமுனையில் நிமிர்ந்து நிற்கின்றது. திண்ணையில் அமர்ந்த முதியோர், "இது என்ன கூத்து! இது என்ன கோலம்!" என்று முகம் சுளிக்கின்றனர். ஆட்டத்தைக் குறை கூறுவார் பலர். பாட்டும் உடையும் படமும் எப்பொழுதும் ஒருங்கே வருவது ஏன் என்று எண்ணிப் பார்ப்பார் சிலரே.

இம்மூன்றும் கூடி வருதல் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. காதல் கைகூடாத தலைவன் மடலேறும் செய்தியைச் சங்க நூல்கள் கூறுகின்றன. அவன் பனைமடலால் குதிரை செய்வான். எவரும் விரும்பிச் சூடாத எருக்கம்பூவைத் தலையில் அணிவான். தலைவியின் உருவம் தீட்டிய கிழியைக் கையில் ஏந்துவான். தன் துயரைப் பாடிக்கொண்டு ஊர்த்தெருவில் வருவான். எருக்கமாலை அவன் உடைக்கோலம். கிழி அவன் ஓவியம். புலம்பல் அவன் பாட்டு. தனியே உரைத்தபொழுது கேளாத ஊர், இம்மூன்றும் சேர்ந்து வந்தபொழுது திரும்பிப் பார்த்தது. கேட்பாரற்ற இளைஞன், "நானும் இவ்வூரில் ஒருவன், என்னையும் நோக்குங்கள்" என்று சொல்வதற்குக் கண்ட வழி அதுவே அன்றோ!

அதே வேட்கை கடல் கடந்த நாட்டிலும் அதே வழியை நாடிற்று. அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்பது ஒரு பகுதி. புதிதாக அமைத்த நெடுஞ்சாலை அப்பகுதியின் குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றது. தொழில்கள் அகன்றன, 1970களில் வீடுகள் பல தீக்கு இரையாயின. வசதி படைத்தோர் வெளியேறினர். கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ தீவினின்று வந்த மக்களுமே பெரும்பாலும் எஞ்சினர்.

அப்பகுதியில், 1973 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11 ஆம் நாள், சிண்டி கேம்பல் என்னும் பள்ளி மாணவி தான் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் ஓர் ஆடல் விருந்து நடத்தினாள். பள்ளி திறக்கும்பொழுது உடுத்தப் புத்தாடை வேண்டும். அதற்குப் பொருள் திரட்டுவதே அவள் நோக்கம். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். ஜமைக்காவில் பிறந்த அவள் தமையன் கிளைவ் கேம்பல் இசைத்தட்டுகளைச் சுழல விட்டான். 'கூல் ஹெர்க்' என்பது அவன் சூடிக்கொண்ட பெயர். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடத்தில் ஆடுவோர் துள்ளுவதை அவன் கண்டான். அத்தாளத்தையே இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டு நீட்டி ஒலிக்கச் செய்யும் முறையை வகுத்தான். தாளத்திற்கு இயையச் சொற்களை அடுக்கி உரைக்கும் வழக்கமும் வளர்ந்தது. அந்த இரவையே ஹிப்-ஹாப் கலையின் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுகின்றனர். ஒரு பெண் புத்தாடைக்கு ஆசைப்பட்டதால் ஓர் இசை பிறந்தது என்பது வியப்பன்றோ!

அந்நகரின் சுவர்களும் அக்காலத்தில் வாய் திறந்தன. 183 ஆம் தெருவில் வாழ்ந்த இளைஞன் ஒருவன் 'டாக்கி 183' என்று தன் செல்லப் பெயரையும் தெருவின் எண்ணையும் நகரெங்கும் எழுதினான். 1971 இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அவனைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. பின்னர்ப் பல்லாயிரம் பெயர்கள் சுவர்களிலும் இரயில் வண்டிகளிலும் வண்ண எழுத்துகளாய்ப் பூத்தன. பிறர் சுவரில் இசைவின்றி எழுதுதல் முறையாகாது. ஆயினும், அவர்கள் எழுதியது வசைமொழியன்று. தம் பெயரும் தம் தெருவுமே. எந்த முகவரியைக் கேட்டு உலகம் முகம் திருப்பிற்றோ, அந்த முகவரியையே அவர்கள் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் தீட்டிக் காட்டினர்.

இக்கலை தமிழர் வாழும் தெருக்களுக்கும் வந்து சேர்ந்தது. நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்பை நாடிப் பம்பாய் சென்ற குடும்பங்கள் பல. அவருள் பெருந்தொகையினர் தாராவியில் குடியேறினர். தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். இரண்டரைச் சதுரக் கிலோமீட்டருக்கும் குறைந்த அவ்விடத்தில் பல இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் தமிழ், இந்தி, மராத்தி ஆகிய மொழிகளில் தம் தெருவின் வாழ்வையே ராப் பாட்டாக இசைக்கலாயினர். தலையில் தொப்பி, உடலில் தொளதொளத்த சட்டை, காலில் பட்டையான காலணி என்பன அவர்தம் கோலமாயின. 2015 இல் தொடங்கிய 'தாராவி டிரீம் புராஜெக்ட்' என்னும் அமைப்பு, சொல்லிசையையும் வாயால் தாளம் எழுப்பும் கலையையும் ஆட்டத்தையும் சுவரெழுத்தையும் சிறுவர்க்குக் கட்டணமின்றிக் கற்பிக்கலாயிற்று. நெல்லையிலிருந்து சென்று தாராவியில் வாழும் ஒருவனின் கதையாக அமைந்த 'காலா' என்னும் திரைப்படம் 2018 இல் வெளிவந்தது. அதில் தாராவியின் ராப் குழுவினரே பாடினர்.

சென்னையில் இக்கலை வேறொரு நீரோட்டத்துடன் கலந்தது. வடசென்னை உழைப்பாளர் தெருக்களில் கானா என்னும் பாட்டு நெடுங்காலமாக வழங்கி வந்தது. இறந்தோர் வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து துயரை ஆற்றப் பாடிய பாட்டு அது. மேடைகள் பல அதனை ஏற்கவில்லை. 2018 சனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு கீழ்ப்பாக்கத்தில் தன் முதல் அரங்கினை நிகழ்த்திற்று. சாதியற்றோர் கூட்டம் என்பது அப்பெயரின் பொருள். அயோத்திதாச பண்டிதரின் கருத்தை அடியொற்றி அது சூட்டப்பட்டது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழுவில் கானாவும் ராப்பும் மேலைநாட்டு இசைக்கருவிகளும் கலந்தன. பாடுவோர் அனைவரும் கோட்டு அணிந்து மேடையில் தோன்றினர். அண்ணல் அம்பேத்கரின் உடையை நினைவூட்டும் கோலம் அது. சட்டையின்றி நிற்க வேண்டும் என்று ஒரு காலத்தில் விதிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு, அவ்வுடை வெறும் ஒப்பனையன்று. அதுவே ஒரு வாசகம். ஆடவரே பாடிவந்த கானாவைப் பாடிய இசைவாணி என்னும் நங்கை, 2020 இல் பி.பி.சி. நிறுவனம் தேர்ந்த நூறு பெண்டிருள் ஒருவராக இடம்பெற்றார்.

அதே நகரின் தென்புறத்தில் கண்ணகி நகர் உள்ளது. ஆற்றங்கரைகளிலும் நகரின் பிற குடிசைப் பகுதிகளிலும் வாழ்ந்தோரை 2000 முதல் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் அது. அங்கு 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் உண்டு. ஊரின் பெயரைச் சொன்னால் வேலை கிடைப்பது அரிது என்று அங்குள்ள இளைஞர் வருந்தினர். சிலர் முகவரியை மறைத்தும் உரைத்தனர். 2020 இல் அந்நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியர்கள் பேருருவங்களைத் தீட்டினர். அங்கே வாழும் மக்களின் முகங்களும் அவற்றுள் இடம்பெற்றன. அஞ்சி ஒதுங்கிய ஊரைக் காண்பதற்கென்றே மக்கள் வந்தனர். ஓவியம் குடிநீர் தாராது, சாக்கடையைத் தூர்வாராது. எனினும் சுவரில் தன் அன்னையைப் போன்ற ஒருத்தியின் முகம் நான்கு மாடி உயரத்தில் சிரிப்பதைக் கண்ட சிறுவன், தன் ஊரின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லத் தொடங்குவான்.

இங்ஙனம் பாட்டு ஒருவனுக்குக் குரல் தருகின்றது. உடை அவன் தோழரை அவனுக்குக் காட்டுகின்றது. சுவர் அவன் இருப்பிடத்தை உலகுக்கு அறிவிக்கின்றது. குரலும் கூட்டும் இடமும் இன்றி மானத்தோடு வாழ்தல் அரிது. ஆதலால் இம்மூன்றையும் இளமை ஒருசேர நாடுகின்றது.

வணிகர் இதனை விரைந்து அறிந்துகொண்டனர். 1986 இல் 'ரன் டி.எம்.சி.' என்னும் நியூயார்க் குழு தம் அடிடாஸ் காலணியைப் பாடிற்று. அந்நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. தெருவில் பிறந்த கோலம் கடையில் விலைப்பொருள் ஆயிற்று. ஆயினும் வாணிகத்தினும் கொடியதோர் இடர் கருவைக்கும் நெல்லைக்கும் அண்மையிலேயே உள்ளது.

தென்மாவட்டங்களின் சில ஊர்களில் மின்கம்பமும் சுவரும் சாதிக்கு ஒரு நிறமாகத் தீட்டப்படுகின்றன. சாதிப் பெருமை பேசும் பாட்டுகள் கைப்பேசியில் ஒலிக்கின்றன. பள்ளிச் சிறுவர் தம் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டி, இன்னார் இன்ன சாதியார் என்று காட்டுகின்றனர். பாட்டு, கோலம், வண்ணம் ஆகிய அதே மூன்றும் இங்கும் உள. கூட்டிச் சேர்க்க வேண்டியவை இங்கே வெட்டிப் பிரிக்கின்றன! 2023 ஆகஸ்டில் நாங்குனேரியில் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே, உடன் பயின்றோரால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றாள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 சூன் திங்களில் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்தல் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

தாராவியின் தொப்பி எவன் தலைக்கும் பொருந்தும். சாதிக் கயிறோ பிறப்பால் வந்தவன் கையில் மட்டுமே ஏறும். வருவோர்க்கெல்லாம் இடந்தரும் கோலம் கலையாகின்றது. வாயிலை அடைக்கும் கோலம் வேலியாகின்றது. தாழ்த்தப்பட்டவன் தலைநிமிரப் பாடுவது வேறு. பிறரைத் தாழ்த்துவதற்குப் பாடுவது வேறு. கயிற்றைக் கத்தரித்தல் எளிது. ஆனால், அக்கயிறு கட்டிய கை வேறொன்றைப் பற்றிக்கொள்ள விரும்புகின்றது. முதியோர் முகம் சுளித்து அமர்ந்திருந்தால், அக்கைக்குக் கயிறே கிடைக்கும். பறையும் தூரிகையும் கிடைக்குமாயின், கயிற்றை அது தானே மறக்கும்.

இதற்கு நெறிகாட்டும் வடிவம் ஒன்று அருகிலேயே உண்டு. சங்கனும் பதுமனும் ஆகிய இரு நாகர்கள், சிவனே பெரியோன் என்றும் திருமாலே பெரியோன் என்றும் வாதிட்டனர் என்பது சங்கரன்கோவில் தலக்கதை. கோமதியம்மையின் தவத்திற்கு இரங்கி இறைவன் ஓருருவில் இருவராய்க் காட்சி தந்தான். அந்நிகழ்ச்சியே ஆடித்தபசுத் திருவிழாவாகின்றது. ஒருபால் புலித்தோல், மறுபால் பொன்னாடை. இரண்டு உடை; ஆயினும் உடல் ஒன்றே.

கருவையின் இளைஞரும் ஆண்டுதோறும் அவ்விழாவைக் காணச் செல்கின்றனர். அங்கு மேளம் அனைவர்க்கும் ஒன்றாகவே ஒலிக்கின்றது. அவ்வொலி விழா முடிந்த பின்னும் தெருவில் நிலைத்தல் வேண்டும்.