மூன்றாம் நாள்

நகோயா, ஐச்சி புற்றுநோய் மையம். ஆய்வுக்கூட மேசையில் பனிக்கட்டித் தட்டு. அதன் மேல் பிறந்து மூன்றே நாளான சுண்டெலிக் குஞ்சு. ரோமம் முளைக்கவில்லை. கண் திறக்கவில்லை. குளிரில் மரத்துக் கிடக்கிறது.

மார்பெலும்பின் மேல்முனையில் சிறு கீறல். கண்ணாடிக் குழாயின் நுனி உள்ளே போகிறது. உறிஞ்சியதும் வெள்ளையாக இரண்டு துணுக்குகள் வெளியே வருகின்றன. தைமஸ் சுரப்பி.

காயம் மூடப்படுகிறது. ரத்தக் கறையைத் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். கறையோடு திரும்பும் குஞ்சைத் தாய் எலி தின்றுவிடக்கூடும். விளக்கின் சூட்டில் தோல் மீண்டும் சிவக்கிறது. ஒரு கால் உதறுகிறது. குஞ்சு கூண்டுக்குப் போகிறது.

பக்கத்துக் கூண்டிலும் அதே அறுவை. நாள் மட்டும் ஏழு. அந்த எலிகளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

மூன்றாம் நாள் எலிகள் வளர்கின்றன. பெண் எலிகளுக்குச் சூலகம் சுருங்குகிறது. சிலவற்றுக்குத் தைராய்டு கெடுகிறது, சிலவற்றுக்கு இரைப்பை. கிருமி எதுவும் இல்லை. நுண்ணோக்கியில் தெரிவது எலியின் சொந்த வெள்ளணுக்கள்; சொந்தத் திசுவுக்குள் கூட்டமாக.

சுருங்கிய சூலகங்கள் 1969ஆம் ஆண்டின் ‘சயன்ஸ்’ இதழில் அச்சாகின்றன. எழுதியவர்கள் நிஷிசுகா, சகாகுரா. வெள்ளணுக்களில் ஒருவகையான டி செல்கள் முதிர்வது தைமஸில். அதை எடுத்துவிட்டால் நோய் எதிர்ப்பு குறைய வேண்டும். இங்கே தாக்குதல் கூடுகிறது.

கியோட்டோவில் மருத்துவம் படித்த இளைஞர் ஒருவர் இந்த எலிகளைத் தேடி நகோயா வருகிறார். பெயர் ஷிமோன் சகாகுச்சி. நலமான எலியின் டி செல்களை எடுக்கிறார். தைமஸ் இழந்த எலிக்குச் செலுத்துகிறார். சூலகம் தப்புகிறது. 1982இல் கட்டுரை வருகிறது.

அப்போது, தாக்குதலைத் தடுப்பதாகக் கருதப்பட்ட ‘அடக்கும் டி செல்’ பற்றி எழுதாத ஆய்வாளர் குறைவு. அதற்கான மரபணு இருக்கும் இடத்தைக்கூடச் சுட்டியிருக்கிறார்கள். 1980களில் அந்த இடத்தின் டிஎன்ஏ படிக்கப்படுகிறது. அப்படி ஒரு மரபணு அங்கே இல்லை. சொல் கட்டுரைத் தலைப்புகளிலிருந்து நழுவுகிறது. ஆய்வாளர்கள் வேறு பக்கம் திரும்புகிறார்கள்.

சகாகுச்சி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போகிறார். ஸ்டான்ஃபோர்டு போகிறார். ஊர் மாறுகிறது. கேள்வி மாறவில்லை: எல்லா டி செல்களும் பார்க்க ஒன்றுபோல இருக்க, தாக்குதலைத் தடுப்பவற்றை எந்த அடையாளத்தை வைத்துப் பிரிப்பது?

1995 ஆகஸ்ட். ‘ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி’, பக்கம் 1151. ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் சகாகுச்சி. இரண்டாவதும் சகாகுச்சி, மனைவி நோரிகோ. அடையாளம் கிடைத்திருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி25 என்ற புரதம். சிடி4 வகை டி செல்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் அது இருக்கிறது. அந்தப் பத்தில் ஒன்றை நீக்கி, மீதியைத் தைமஸ் இல்லாத எலிக்குச் செலுத்துகிறார்கள். தைராய்டு, இரைப்பை, சூலகம் எல்லாம் தாக்கப்படுகின்றன. நீக்கியதை உடனே திருப்பித் தந்தால் எலி பிழைக்கிறது. தாமதித்தால் இல்லை.

இன்னொரு எலி. அமெரிக்காவின் டென்னசி மாநிலம், ஓக் ரிட்ஜ். கதிர்வீச்சின் விளைவைப் படிக்கும் ஆய்வுக்கூடம். 1940களின் கடைசியில் சில ஆண் குஞ்சுகள் செதில் செதிலான தோலோடு தென்படுகின்றன. இமை பாதி மூடியிருக்கிறது. மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்கியிருக்கின்றன. சில வாரங்களில் சாவு. அக்காமார், தங்கைமாருக்கு ஒன்றுமில்லை. கோளாறு எக்ஸ் குரோமோசோமில். ‘ஸ்கர்ஃபி’ என்று பெயரிட்டு வம்சத்தைக் காப்பாற்றி வைக்கிறார்கள். எலிகள் தலைமுறை தலைமுறையாக அதே நோயில் சாகின்றன. அரை நூற்றாண்டு கழிகிறது.

1990கள். வாஷிங்டன் மாநிலம், பாத்தெல். ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் ஸ்கர்ஃபி எலியின் பழுதான மரபணுவைத் தேடுகிறார்கள். எலியின் எக்ஸ் குரோமோசோமில் சுமார் 17 கோடி டிஎன்ஏ எழுத்துகள். இனக்கலப்பு, கணக்கு, மீண்டும் இனக்கலப்பு. 17 கோடி எழுத்துகள் 5 லட்சமாகச் சுருங்குகின்றன. அதற்குள் 20 மரபணுக்கள். ஒவ்வொன்றையும் நோயுற்ற எலியிலும் நலமான எலியிலும் ஒப்பிடுகிறார்கள். முதல் மரபணு சரி. இரண்டாவது சரி. பத்தொன்பதாவதும் சரி.

இருபதாவதில் இரண்டு எழுத்து கூடுதல்.

அந்த மரபணுவுக்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வைக்கிறார்கள். நலமான பிரதி ஒன்றைச் சேர்த்து எலி உருவாக்கிப் பார்க்கிறார்கள். தோலில் செதில் இல்லை. 2001இல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ அதை வெளியிடுகிறது. அதே இதழில் மனிதக் குழந்தைகள் இருக்கிறார்கள். எல்லாரும் ஆண்கள். தீராத வயிற்றுப்போக்கு, தோலில் கரப்பான், தவழும் முன்பே சர்க்கரை நோய். நோய்க்கு ஐபெக்ஸ் என்று பெயர். அவர்களிடமும் பழுதானது இதே மரபணு.

2003இல் இரண்டு எலிகளின் கதையும் ஒரே கட்டுரையில் சேர்கிறது. சகாகுச்சியும் இரு சகாக்களும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைச் சாதாரண டி செல்லுக்குள் புகுத்துகிறார்கள். தாக்கக்கூடிய செல், தாக்குதலை அடக்கும் செல்லாகிறது.

2025 அக்டோபர் 6. ஸ்டாக்ஹோமிலிருந்து தொலைபேசி மணி. சகாகுச்சி கிடைக்கிறார். பிரங்கோ ஸ்வீடன் எண்ணைப் பார்த்து, விளம்பர அழைப்பென்று எண்ணித் தூங்கப் போகிறார். ராம்ஸ்டெல் மலைப்பகுதியில் நடைப்பயணத்தில் இருக்கிறார்; அழைப்பு எட்டவில்லை. மருத்துவ நோபல் மூவருக்கும்.

நோய்ப்படுக்கையருகில் வேறு வேலை நடக்கிறது. நோபலுக்குப் பத்தாண்டுக்கும் மேல் முன்பே, அமெரிக்காவில் டைப் 1 சர்க்கரை நோயாளிகள் 14 பேர். கையை நீட்டி ரத்தம் தருகிறார்கள். அதிலிருந்து இந்த அடக்கும் செல்கள் மட்டும் பிரிக்கப்படுகின்றன. ஆய்வகத்தில் பெருக்கப்படுகின்றன. கனமான ஹைட்ரஜன் அணு அடையாளமாகச் சேர்க்கப்படுகிறது. அவரவர் செல்கள் அவரவர் நரம்பில் ஏறுகின்றன: சிலருக்கு 50 லட்சம், சிலருக்கு 260 கோடி.

பிறகு ரத்தப் பரிசோதனை. மறுபடி ரத்தப் பரிசோதனை. ஓராண்டு கழித்தும் சிலரிடம் அடையாளமிட்ட செல்கள் கிடைக்கின்றன. உச்ச அளவில் கால் பங்கு வரை. இன்சுலின் ஊசி தொடர்கிறது.