வெர்ஷன் பார்த்து விளையாடுங்க!

லைன் வீட்டுல குடியிருந்தவங்களுக்குத் தெரியும். எட்டு வீட்டுக்கும் ஒரே மோட்டார். 'எனக்குத் தண்ணி பத்தலை'ன்னு ஒருத்தர் அதைக் கழட்டி நோண்டினா, எட்டு வீட்டுக்கும் தண்ணி கிடையாது. அந்த வேலையைத்தான் நான் காலேஜ் லேபுல செஞ்சேன். கேளுங்க!

ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள். வீட்டு லேப்டாப்புல உபுண்டு 22.04. புரோகிராம் ஜம்முனு ஓடுச்சு. பென் டிரைவ்ல போட்டுக்கிட்டு மாட்டுத்தாவணியில பஸ் ஏறி லேபுக்குப் போனேன். அங்கே உபுண்டு 20.04. 'ஜிலிப்சி 2.34 இல்லை'ன்னு ஒரே வரியில மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிடுச்சு.

ஜிலிப்சிங்கறது உபுண்டுல அநேகமா எல்லா புரோகிராமும் பங்கு போட்டுக்கற பொது லைப்ரரி. என்கிட்ட இருந்தது 2.35, லேபுல 2.31. 'அவ்வளவுதானே'ன்னு என் ஃபைலைப் பழசு மேலயே காப்பி பண்ணிட்டேன். லேப் அண்ணன் நம்பிக் கொடுத்திருந்த அட்மின் பாஸ்வேர்டு கையில இருந்துச்சே!

அடுத்த நிமிஷம் எந்த கமாண்டும் ஓடலை. காப்பி பண்ற கமாண்டுக்கும் அதே லைப்ரரி வேணுமாம். அப்புறம் எங்கே பழசைத் திருப்பி வைக்கிறது?

அண்ணன் வந்து பார்த்தார். லைவ் பென் டிரைவ்ல பூட் பண்ணி, பக்கத்து மெஷின்ல இருந்து ஃபைலை எடுத்து வச்சு உயிர் கொடுத்தார்.

"தம்பி, இந்த லைப்ரரிக்கும் லோடருக்கும் ஒரே வெர்ஷன் இருக்கணும். நீ மாப்பிள்ளையை மட்டும் மாத்திட்டுப் பொண்ணை அப்படியே விட்டுட்ட. பழைய ஜிலிப்சியில கம்பைல் பண்ணினது புதுசுல ஓடும். புதுசுல பண்ணினது பழசுல ஓடும்னு நம்பக்கூடாது. இங்கேயே கம்பைல் பண்ணு."

பண்ணினேன். ஓடுச்சு!

உபுண்டுக்குத் தாய்வீடான டெபியன்லயும், 2011-ல் ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப்புல விண்டோஸோட வந்த பாஸ் லினக்ஸ்லயும் இதே கதைதான். 'இந்த வெர்ஷன் அல்லது அதுக்கு மேல', 'சரியா இதே வெர்ஷன்'னு பேக்கேஜ் ஒவ்வொண்ணும் தனக்கு வேண்டியதை எழுதி வச்சிருக்கும். இல்லைன்னா இன்ஸ்டால் ஆக மாட்டேன்னு அடம்பிடிக்கும். அது திமிர் இல்லைங்க. மத்த ஏழு வீட்டுக்காகப் பேசுது. அடுத்த தடவை மறுத்தா, 'ஃபோர்ஸ்' போடறதுக்கு முன்னாடி என்ன கேட்குதுன்னு படிச்சுப் பாருங்க.

ரிவ்யூ நல்லபடியா முடிஞ்சது. ஆனா, மறுநாளே அண்ணன் பாஸ்வேர்டை மாத்திட்டார். எனக்குச் சொல்லலை. நானும் கேட்கலை.