சிக்கெடுக்காத தலை

சிக்கு எடுப்பதைப் பற்றி உங்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணாய்ப் பிறந்து, பின்னலோடு வளர்ந்து, சீப்பு இழுத்த இழுப்பில் "ஐயோ!" என்று அலறி, "அசையாதே!" என்று முதுகில் ஓர் அடியும் வாங்காதவர்கள் நம்மில் யார்? ஆனால் சிக்கை வளர்ப்பது எப்படி என்று தெரியுமோ? அதற்கும் தண்ணீர், எண்ணெய், நாள், கிழமை எல்லாம் உண்டு. பொறுமை மட்டும் இரண்டு பங்கு வேண்டும். ஆழ்வார்பேட்டையில் எங்கள் வீட்டில் ஓராண்டுக்கு மேலாக இந்த விவசாயம்தான் நடந்து வருகிறது.

பயிரிட்டவள் என் அண்ணன் மகள். சென்னையில் வேலை கிடைத்து எங்களோடு தங்க வந்தவள். ஒரு சனிக்கிழமை காலை, இடுப்பைத் தொடும் கூந்தலோடு வெளியே போனாள். இரவு எட்டு மணிக்குத் திரும்பி வந்தபோது, முதுகில் 52 கயிறுகள் தொங்கின. தலையைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்து மயிரையும் சீப்பால் வேரை நோக்கி எதிர்வாட்டில் வாரிச் சிக்காக்கி, மெல்லிய கொக்கி ஊசியால் உள்ளே கோத்து இறுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதை 'டிரெட்லாக்ஸ்' என்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. சிவபெருமானுக்குச் சடையன் என்றே ஒரு பெயர் இருக்கிறதே!

தெருவில் உடனே இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. "ஏதாவது வேண்டுதலா?" என்று பரிவோடு கேட்டது ஒரு கட்சி. "உடம்புக்கு ஒன்றுமில்லையே? தலை வாரவே நேரமில்லையா, பாவம்!" என்றது மற்றொன்று. மார்கழியில் டி.டி.கே. சாலையில் ஒரு கச்சேரிக்கு அவளை அழைத்துப் போனேன். பின்வரிசையில் இருந்த அம்மாள் என்ன ராகம் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, இடைவேளையில் என் தோளைத் தட்டி, "ஐம்பது இருக்குமா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கணக்கில் இரண்டுதான் தவறு.

எல்லோரையும்விட அதிகம் வருந்தியது என் தாயார். அம்மாவுக்கு வயது 84. பேத்தி வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்கு எண்ணெய் தடவித் தலை வாரிவிடுவதுதான் அம்மாவின் உத்தியோகம். அந்த உத்தியோகம் ஒரே நாளில் பறிபோய்விட்டது. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமேல் இதற்கு என்ன வேலை?" என்று அம்மா கேட்டபோது, எனக்கே தொண்டை அடைத்தது.

ஆனால் சடைக்கு வேலை இல்லை என்று நினைப்பது பெரிய தப்பபிப்பிராயம். ஜமைக்காவில் 1930-களில் தோன்றிய ரஸ்தபாரி மதத்தார் சடை வளர்த்தார்கள். அவர்களில் ஒருவரான பாடகர் பாப் மார்லி, 1981-ல் மறைவதற்குள், அந்தச் சடையை உலகம் முழுவதற்கும் தெரிய வைத்துவிட்டார். ஆப்பிரிக்க வம்சத்தாரின் மயிர் சுருள் சுருளாக இருப்பதால் எளிதில் பிணைந்துகொள்ளும். அந்த மயிருக்காகவே அவர்களுக்கு வேலையும் பள்ளிக்கூடமும் மறுக்கப்பட்டது உண்டு. அதைத் தடுக்க அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2019-ல் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நம்முடைய மயிரோ பெரும்பாலும் நீண்டு வழவழப்பாக இருப்பது. பிணைந்து கெட்டிப்பட ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை கைக்குழந்தை மாதிரிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் மூன்று மாதம் பார்க்கச் சகிக்காது. அங்கங்கே மயிர் பிரிந்து எழுந்து நிற்கும். நடுவில் வளையம் வளையமாகப் பிதுங்கும். மயிர் உள்ளுக்குள் சுருண்டு முடிச்சுப் போடுவதால் நீளமும் குறையும். பயப்பட வேண்டாம், சடை முதிர்கிறது என்று அர்த்தம். சாதாரணமாக ஒரு நாளில் 50 முதல் 100 மயிர் உதிர்கிறது. நாம் அதைச் சீப்பிலிருந்து எடுத்துச் சுருட்டி எறிகிறோம். சடையில் உதிர்ந்த மயிர் வெளியே போகாமல் உள்ளேயே பிணைந்துகொள்கிறது. நாளாக ஆகச் சடை தடித்துக் கனப்பதற்குக் காரணம் அதுவே.

தலைக்குக் குளிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழுக்கும் எண்ணெய்ப் பசையும் இல்லாத மயிர்தான் நன்றாகப் பிணையும். எங்கள் வீட்டில் வாரம் இரண்டு குளியல். அம்மா ஆசையோடு எடுத்துவந்த சீயக்காய்த் தூளைத்தான் முதலில் நிறுத்த வேண்டியிருந்தது. அந்தத் தூள் சடைக்குள் புகுந்துகொண்டால் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் வெளியே வராது. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி, மெல்லிய துணியில் வடிகட்டிய தண்ணீர் தேவலை. கண்ணில் மட்டும் படக் கூடாது, எரிந்து தள்ளிவிடும். கடையில் வாங்கும் ஷாம்பு என்றால், பிசுக்கு விடாமல் அலசிப் போவதாக இருக்க வேண்டும். கூந்தலை வழவழப்பாக்கும் கண்டிஷனரும், ஒட்டவைக்கும் மெழுகும் வேண்டவே வேண்டாம். ஒன்று முடிச்சை அவிழ்க்கும்; மற்றொன்று தூசியைப் பிடித்து வைக்கும்.

எண்ணெயை அடியோடு விலக்க வேண்டியதில்லை. தேங்காயெண்ணெய் நாலு சொட்டு, விரல் நுனியால், மண்டையில் மட்டும். சடையில் தடவக் கூடாது.

குளிப்பதைவிட முக்கியம் உலர்த்துவது. சென்னைப் புழுக்கத்தில் இது ஒரு தவம். ஈரிழைத் துண்டால் ஒவ்வொரு சடையையும் ஒற்றிப் பிழிந்து, மின்விசிறிக்கு எதிரே உட்கார வேண்டும். வெளியே காய்ந்திருக்கும், உள்ளே திரி நனைந்தே இருக்கும். அப்படியே கொண்டை போட்டாலும், அதோடு படுத்தாலும், ஐப்பசி மழையில் உலராத துணியின் வாடை வந்துவிடும். பூஞ்சணம் உள்ளே புகுந்தால் போக்குவது கஷ்டம். சாம்பிராணி வாசனை கொடுக்கும். உள்ளே இருக்கும் ஈரத்தை எடுக்காது. ஆகவே தலைக்குக் குளிப்பது காலையில்தான். மழை நாளில் நாளையே தள்ளிப் போடுகிறோம்.

வாரம் ஒரு முறை, வேர்ப்பக்கத்தில் பக்கத்துச் சடைகள் இரண்டு கைகோத்திருக்கின்றனவா என்று பார்த்து மெதுவாகப் பிரித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் இரண்டு ஒன்றாகும், நான்கு இரண்டாகும், கடைசியில் தலையில் ஒரே ஒரு பாறைதான் மிஞ்சும். அதற்காக வேரை முறுக்கி இறுக்கிக்கொண்டே இருக்கவும் கூடாது. இறுக்கப் பின்னிப் பின்னி நெற்றி ஏறிப்போனவர்களை நமக்குத் தெரியாதா? அதே கதிதான். படுக்கும்போது பஞ்சும் நூலும் ஒட்டாமலிருக்க, ஜரிகை நீக்கிய பழைய பட்டுப் புடவையில் ஒரு தலையணை உறை தைத்துக் கொடுத்தேன்.

பேன் வராதா என்று கேட்பவர்களுக்கு: பேன் சடையில் தானாகப் பிறக்காது. ஒரு தலையிலிருந்து ஏறினால்தான் மறு தலைக்கு வரும். பின்னலுக்கும் சடைக்கும் அதில் பேதம் இல்லை.

இனி அம்மாவின் உத்தியோகத்துக்கு வருகிறேன். பிரிந்து நிற்கும் மயிரை அடக்க, ஒவ்வொரு சடையையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்ட வேண்டும். 52 சடையையும் உருட்டுவதற்குள் அவளுக்குக் கை ஓய்ந்துவிடும். ஒரு ஞாயிறு இதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இது திரி திரிக்கிற வேலைதானே! இப்படித் திரும்பு" என்றார். எழுபது ஆண்டாக விளக்குக்குத் திரி திரித்த கை அல்லவா? அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை பழையபடி ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது.

அப்படி ஒரு ஞாயிறன்றுதான் எங்கள் பூக்காரம்மா படியேறி வந்தாள். பூவைக் கொடுத்துவிட்டுப் போகாமல், தயங்கித் தயங்கி, "பாப்பா, இதை அறுத்தா ரத்தம் வருமாமே, நிசமா?" என்று கேட்டாள். ஊரில் அவள் தங்கை. காய்ச்சலில் மாதக்கணக்கில் கிடந்து எழுந்தபோது பின்னந்தலை மயிர் முழுதும் ஒரே கட்டியாகியிருந்ததாம். அம்மன் இறங்கியிருக்கிறாள், தொடக் கூடாது, தண்ணீர் படக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான்கு வருஷம்! கழுத்தைத் திருப்ப முடியவில்லையாம். அரித்தால் குச்சியால் சொறிந்துகொள்கிறாளாம்.

சகோதரிகளே, இது அந்த ஒரு ஊர்க் கதை அல்ல. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் சிறுமியின் தலையில் சிக்கு விழுந்தால், எல்லம்மா தேவி அழைக்கிறாள் என்று சொல்லி அவளைத் தேவதாசியாக்கிய கொடுமை இருந்தது. நம் சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடுநாள் முயற்சிக்குப் பின் 1947-லும், கர்நாடகத்தில் 1982-லும் அந்த வழக்கத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் சடையைப் பற்றிய பயம் போகவில்லை. மூடநம்பிக்கையை எதிர்த்துப் பாடுபட்ட டாக்டர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டு 20-ந் தேதி புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் நிறுவிய இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், அப்படிப்பட்ட பெண்களுக்குத் தைரியம் சொல்லிச் சடையை அகற்ற உதவியிருக்கிறார்கள்.

என் அண்ணன் மகள் ஒன்றும் பேசவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வந்து, தன் சடை ஒன்றின் நுனியை அரை அங்குலம் வெட்டி, பூக்காரம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். "பாருங்க அக்கா. மண்டைக்கு வெளியே வந்த மயிருக்கு ரத்தமும் இல்லை, வலியும் இல்லை" என்றாள்.

அம்மா சும்மா இருப்பாரா? "ஏம்மா, கங்கைக் கரையில் ஆலம்பாலைத் தடவித்தான் ராமரும் லட்சுமணரும் சடை தரித்தார்கள். பதினாலு வருஷம் கழித்து, பட்டாபிஷேகத்துக்கு முன்னால் நாவிதரை வரவழைத்து எடுத்துவிட்டார்கள். ரத்தமா வந்தது? பட்டாபிஷேகம்தானே வந்தது!" என்றார்.

விஞ்ஞானம் பாதி, வால்மீகி பாதியாகப் பூக்காரம்மா சிரித்துவிட்டாள். போகும்போது வடிகட்டிய பூந்திக்கொட்டைத் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரே மாதிரி இரண்டு தலைகள். ஒருத்தி தானே விரும்பி வளர்த்தாள். கழுவுகிறாள், உலர்த்துகிறாள், வேண்டாமென்றால் நாளைக்கே எடுத்துவிடுவாள். மற்றவளைக் கேட்டவர் இல்லை. தண்ணீர் விடவும் அனுமதி இல்லை. முன்னதை அலங்கோலம் என்கிறோம், பின்னதைக் கும்பிட்டுவிட்டு நகர்கிறோம். என் அபிப்பிராயத்தில் சடையைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: இது அவள் விருப்பமா? தலைக்குக் குளிக்கிறாளா? இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால், பூ வாங்கிக் கொடுங்கள். சடையிலும் மல்லிகை அழகாகத்தான் நிற்கிறது. 'இல்லை' என்று வந்தால், ரத்தம் வராது என்பதை அவளிடம் நீங்களாவது சொல்லுங்கள்.

போன வாரம் பூக்காரம்மா செய்தி கொண்டு வந்தாள். தங்கை நான்கு வருஷத்துக்குப் பிறகு தலைக்குக் குளித்தாளாம். குளித்துவிட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்தவள், அப்படியே இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டாளாம். வெட்டுவதா, வைத்துக்கொள்வதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. அவள் தலை, அவளே நிதானமாக யோசிக்கட்டும்.