பதிமூணு தடவை காசு சுண்டினா...

ஸ்விஸ் கோப்பை கால்பந்து 1925-26ல ஆரம்பிச்சது. முதல் கோப்பையைத் தூக்கினது சூரிச்சின் கிராஸ்ஹாப்பர் கிளப். மொத்தம் 19 ஜெயிச்சு முதலிடத்துல இருக்கறதும் அவங்கதான். ஆனா எனக்குப் பிடிச்ச கதை வேற.

ஆல்ப்ஸ் மலைக்கு நடுவுல, ரோன் ஆத்துப் பள்ளத்தாக்குல சியோன்னு ஒரு சின்ன ஊர். அந்த ஊர் கிளப் லீக் பட்டம் வாங்கினது 1992, 1997னு ரெண்டே தடவை. கோப்பை ஃபைனல்னு வந்துட்டா மட்டும் சாமி வந்துடும்! 1965ல இருந்து 2015 வரைக்கும் 13 ஃபைனல், பதிமூணும் வெற்றி. 1991ல யங் பாய்ஸ்கிட்ட 0-2ன்னு பின்தங்கி, கடைசியில 3-2ன்னு ஜெயிச்சாங்க. 2006ல இரண்டாம் டிவிஷன்ல இருந்துக்கிட்டே, அதே யங் பாய்ஸை பெனால்டியில சாய்ச்சாங்க. இரண்டாம் டிவிஷன் அணி ஒண்ணு கோப்பையை ஜெயிச்சது அதுதான் முதல் தடவை.

பொட்டி தட்டுற மூளை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். காசு சுண்டி 13 தடவையும் தலையே விழ வாய்ப்பு 8192ல ஒண்ணு!

2015ல பேசலை அவங்க மைதானத்துலயே 3-0ன்னு அடிச்சாங்க. 2017 ஃபைனல்ல பேசல் அதே 3-0ஐ திருப்பிக் கொடுத்துச்சு. 14வது காசு பூ.

இதுல வருத்தப்பட என்னங்க இருக்கு? லீக்ல வருஷம் முழுக்கத் தாக்குப்பிடிக்க காசும் ஆளும் வேணும். கோப்பையில அன்னிக்கு ஒரு நாள் நல்லா ஆடினா போதும். 2025ல மூணாம் டிவிஷன் பீல் அணி ஃபைனல் வரைக்கும் வந்ததும் அப்படித்தான். பேசல்கிட்ட 1-4ன்னு தோத்தாங்க, அது வேற விஷயம்.

ஃபைனல்ல தோக்கறதுன்னா என்னன்னே தெரியாம ஒரு சின்ன ஊர் 52 வருஷம் இருந்திருக்கு. எந்தப் பணக்கார கிளப்புக்குங்க அந்தக் கொடுப்பினை?