வாடகை மிதிவண்டி

மிதிவண்டி ஓட்டுவதை நான் விட்டு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. 1995இல் மொபெட் ஒன்று வாங்கினேன். அன்று சுவரோரம் சாய்த்து வைத்த பழைய வண்டியைப் பிறகு தொட்டவனல்லன். அது எந்த ஆண்டில் பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்தது என்பதும் நினைவில்லை. சென்ற ஆண்டு இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதைக் கண்ட மருத்துவர், முழங்கால் வலியையும் கருதி, நடையைக் காட்டிலும் மிதிவண்டியே உமக்கு ஏற்றது என்றார்.

கியர் வைத்த புது வண்டி வாங்கிவிடலாம் என்று மருமகன் துடித்தான். எனக்கோ தயக்கம். எங்கள் மத்ரஸாவின் மூத்த ஆசிரியர் ஒருவர் இதே ஆலோசனையின் பேரில் பெரும் பணம் கொடுத்து வாங்கிய வண்டியில் இப்போது துண்டு காய்கிறது. ஐம்பத்தாறு வயது உடல் எந்த வண்டியை ஏற்கும், எதை ஏற்காது என்பது ஏறிப் பார்த்தாலன்றித் தெரியாது. ஆகவே முதலில் வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தபிறகே, வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்ற கேள்வி எழுந்தது. நான் ஓதிய நாட்களில் மேலப்பாளையத்தில் தெருவுக்கு ஒரு கடை இருந்தது. மட்கார்டில் எண் எழுதிய வண்டிகள் வரிசையாக நிற்கும். நோட்டில் பெயரும் நேரமும் ஏறும். முகம் தெரியாதவனுக்கு, தெரிந்த ஒருவர் வந்து சொன்னாலன்றி வண்டி கிடையாது. குரங்குப் பெடல் போடும் சிறுவர்களுக்கென்று சின்ன வண்டிகள் தனியே இருக்கும். 2001-02இல் தொடங்கிப் பின்னர் விரிந்த அரசின் இலவச மிதிவண்டித் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்த வண்டியைத் தந்தது; பெரியவர்கள் மோட்டார் வண்டிக்கு மாறினர். வாடகைக் கடைகளுக்கு வேலையில்லாமற் போயிற்று. நானறிய எஞ்சியது ஒரு கடைதான். அதுவும் பழுது பார்க்கும் கடை; வாடகைக்கு நான்கே வண்டிகள். அந்தக் கடையாய் இருந்ததுதான் என் சங்கடம். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஸுப்ஹுத் தொழுகை முடித்துக் கடை திறக்கும் நேரத்தில் போய் நின்றேன். கடைக்காரர் நாற்பது வயதைக் கடந்தவர். நான் அறிந்தவரின் மகன். என் கண் நேரே குறுக்குத் தண்டு வைத்த உயரமான வண்டியின்மேல் சென்றது. இளமையில் ஓட்டியது அதுவல்லவா! காலைத் தூக்கி மறுபுறம் போட முயன்றேன். கால் பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "ஹஜ்ரத், அது வேண்டாம். இதுல ஏறுங்க" என்று தண்டு இல்லாத பெண்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு மார்க்க ஆசிரியன் கடைத்தெருவில் பெண்கள் வண்டியில் போவதா என்று மனம் சற்றே சுருங்கிற்று. ஆயினும் கைலி கட்டியவனுக்கு அதைவிட வசதியானது வேறில்லை என்பதை ஏறியதும் உணர்ந்தேன். சங்கிலிக்கு முழு மூடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். இல்லையேல் ஜுப்பாவின் நுனி அதற்கு இரையாகும்.

இருக்கையை அவர் அமைத்த முறை கற்றுக்கொள்ளத் தக்கது. பெடல் கீழே வரும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருக்க வேண்டுமாம். மிகத் தாழ்ந்தால் முட்டியில் வலி, மிக உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். "மொத ஒரு வாரம் ரெண்டு காலும் தரையில ஊனுற மாதிரி தாழ்வா இருக்கட்டும். பயம் போனதும் ஏத்திக்கிடலாம்" என்றார். பிரேக் கட்டைகள் இரண்டும் ரிம்மில் சமமாகப் படுகின்றனவா என்று பிடித்துக் காட்டினார். முதல் நாள் பாதி தெரு. சமநிலை மறந்துபோகவில்லை, மறந்துபோனது துணிச்சல்தான். எதிரே ஆட்டோ வந்தபோதெல்லாம் இறங்கி நின்றேன். செவ்வாய்க்கிழமைகளில் சந்தைக்கு மாடு ஏற்றிய வண்டிகள் நிறையும். அன்று மட்டும் விடுமுறை.

இனி என் சங்கடம். 1984இல் அதே கடையில், இவருடைய தந்தையிடம், ஒரு மணி நேரத்துக்கு வண்டி எடுத்தேன். எதுவரை என்று கேட்டார்; கொக்கிரகுளம் வரை என்றேன். டபுள்ஸ் கூடாது என்றார்; தலையசைத்தேன். தெருமுனையில் காத்திருந்த உடன் மாணவனைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு, கொக்கிரகுளத்தில் நில்லாமல், சுலோசன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைக் கடந்தேன். (சிரஸ்தாராக இருந்த அவர் தம் சொந்தப் பணத்தில் எழுப்பிய பாலம், 1843இல் திறக்கப்பட்டது. அயலார் உடைமையில் கை வைக்கப் போன பயல் அதன்மேல் போனான் என்பதை எண்ண இன்றும் கூசுகிறது.) டவுன் வரை சென்று திரும்புகையில், ஈரடுக்குப் பாலத்து இறக்கத்தில் ஒரு பள்ளம். ரிம் கோணிற்று, ஸ்போக்ஸ் கம்பிகள் சில அறுந்தன. மஃரிப் நேரக் கூட்டத்தில் வண்டியை வரிசையில் செருகி, காசைக் கொடுத்துவிட்டு நழுவினேன். மறுநாள் அவர் அந்தச் சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றிக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டும், ஸலாம் சொல்லிக் கடந்து போனேன்.

பிறகு ஹிதாயா ஓதும் காலம் வந்தது. ஹிஜ்ரி 593இல் மறைந்த மர்கீனானீயின் நூல். இஜாரா என்னும் வாடகைப் பாடத்தில் ஒரு சட்டம் வருகிறது. ஹீரா வரை செல்ல ஒரு வாகனப் பிராணியை வாடகைக்கு எடுத்தவன் அதைக் கடந்து காதிஸிய்யா சென்று, மீண்டும் ஹீராவுக்கே திரும்பி, அதன்பின் பிராணி இறந்தாலும் அவனே பொறுப்பு. வாடகைப் பொருள் கையில் அமானிதம். எல்லை கடந்த கணத்தில் அந்த நிலை போய்விடுகிறது, எல்லைக்குள் திரும்பியதால் மட்டும் அது மீளாது. தான் ஏறத்தக்க பிராணியில் பின்னால் இன்னொருவனையும் ஏற்றி அது அழிந்தால் பாதி விலை ஈடு. கொக்கிரகுளமும் கேரியரும் கிதாபில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டவன் போல் அன்று தலை கவிழ்ந்தேன். பின்னர் அதே பாடத்தை எத்தனையோ ஆண்டுகள் நானே நடத்தினேன். அரபியில் இஜாரா என்ற ஒரே சொல் ஆளுக்குரிய கூலியையும் பொருளுக்குரிய வாடகையையும் தழுவும். தமிழிலும் வீட்டு வாடகையைக் குடிக்கூலி என்றார்களே என்று மாணவர்களுக்கு ஒப்புமை காட்டி மகிழ்வேன். என் கணக்கை மட்டும் தொட்டதில்லை. பெரியவரும் 2009இல் வஃபாத்தாகிவிட்டார்.

இரண்டாம் வாரம், இருக்கையை அரை அங்குலம் உயர்த்திக்கொண்டிருந்த மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நாப்பது வருசத்துக்கு முந்தி உள்ளதா? வாப்பா இருந்தா சிரிச்சிருப்பாவ. நான் விட்டுட்டேன் ஹஜ்ரத்."

அவர் விடலாம், தம் பங்கை மட்டும். உம்மா இருக்கிறார், ராத்தாமார் இருவர், ஒருவர் கடையநல்லூரில், ஒருவர் ஏர்வாடியில். இன்றைய விலையில் ரிம்மும் கம்பிகளும் கூலியும் என்ன ஆகும் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி 640 ரூபாய் என்றார். பழுதுபார்த்த கூலியை அவருடைய தந்தையே சுமந்தாராகையால் கூலியைக் குறைக்க நான் ஒப்பவில்லை. முப்பத்திரண்டு பங்காக்கினால் உம்மாவுக்கு நான்கு பங்கு 80 ரூபாய், மகனுக்குப் பதினான்கு பங்கு 280, பெண்மக்களுக்கு ஏழு பங்கு வீதம் 140. அவருடையதை அவர் விட்டார். மற்ற 360 ரூபாயை மூன்று உறைகளில் போட்டுக் கொடுத்தேன். உம்மா 80 ரூபாயை வாங்கிக்கொண்டு, "அந்த வண்டி ஏழாம் நம்பர். அந்தச் சக்கரம் பெறவு நேராவே ஆகல" என்று சொன்னார்களாம். அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

இப்போது நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். சொந்த வண்டி வாங்கும் எண்ணம் இன்னும் எழவில்லை. நேற்றுக் காலை நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "இன்னைக்கு எதுவரைக்கும் ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

"பாலம் வரை" என்றேன்.

"இந்தக் கரையா, அந்தக் கரையா?"

அந்தக் கரை என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.