குதிகால் சத்தம்

ஆம்பூரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஷூ கம்பெனியில்தான் வேலை. செருப்பு எப்படித் தயாராகிறது என்பது சின்ன வயதிலேயே தெரியும். அது நடையை என்ன செய்கிறது என்று கற்றது பெங்களூரில், பிசியோதெரபி இன்டர்ன்ஷிப்பில்.

வாரக்கடைசியில் ஃபுட்பால் ஆடும் ஐடி பையன்கள், பைக்கிலிருந்து விழுந்தவர்கள் என்று முட்டி ஜவ்வு கிழிந்து ஏசிஎல் ஆபரேஷன் முடித்து வருபவர்கள் இங்கே ஏராளம். பலரும் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் கதையோடு வருவார்கள். 2022 டிசம்பரில் கார் விபத்தில் சிக்கிய அவர் ஜவ்வு ஆபரேஷனுக்குப் பின் பெங்களூர் தேசிய கிரிக்கெட் அகாடமியில் தேறி, 2024 மார்ச்சில் ஐபிஎல்லுக்குத் திரும்பினார். அவருக்கே ஓராண்டுக்கு மேல் ஆனதை யாரும் நினைப்பதில்லை.

இவர்கள் நடந்து காட்டும்போது சீனியர் அக்கா முதலில் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். "பார்க்காதம்மா, கேளு." நல்ல காலில் குதிகால் முதலில் பட்டு, பிறகு முன்பாதம் இறங்கும். ஆபரேஷன் செய்த காலில் ஒரே 'தப்'. தொடையின் முன்தசை வலுவிழந்திருக்கிறது, பயமும் இருக்கிறது. முட்டியை முழுக்க நீட்டாமல் பாதத்தைத் தட்டையாக வைக்கிறார்கள். இப்படியே பழகினால் முட்டி நீளாமலே நின்றுவிடும்.

ஹவாய் செருப்பு இந்தப் பழக்கத்துக்கு நன்றாகத் துணைபோகும். பின்வார் இல்லாததால் கழன்றுவிடாமலிருக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்கும், அடியெடுத்து வைக்கும் தூரம் சுருங்கும். கிளினிக்குக்கு எல்லோரும் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூவில் வந்து அழகாக நடந்து காட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் அந்த ஷூ வாசலோடு சரி. பிறகு நாள் முழுக்க வழுக்கும் தரையில் வெறுங்கால், ஈர பாத்ரூமில் தேய்ந்த ஹவாய். ஷூ நடையை மட்டும் பார்த்துச் சான்று கொடுப்பது வெட்டிவேலை என்பார் அக்கா. ஊன்றுகோலின் உயரத்தைக்கூட அன்றாடம் போடும் செருப்போடு நிற்கவைத்துத்தான் அளப்பார்.

ஷூவைச் சோதிப்பதில் ஊர்ப்பழக்கம் கைகொடுத்தது. குதிகாலைச் சுற்றி உள்ளே வைக்கும் விறைப்புத் துண்டை நாங்கள் கவுண்டர் என்போம். கட்டைவிரலால் அழுத்தினால் அது அமுங்கக் கூடாது. வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் வேண்டாம். பஞ்சு மாதிரி தடித்த அடி சுகமாகத்தான் இருக்கும், ஆனால் பாதம் ஆடும். முட்டியின் நிலையை மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் ஜவ்விலும் உண்டு. அது கிழிந்தவருக்கு ஆடும் தரை ஆகாது. சர்ச் ஸ்ட்ரீட்டின் கல் பாவிய தெருவில் அப்படி ஒரு ஷூவோடு நடந்து பார்த்தால் புரியும்.

சிலர் எம்சிஆர் (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்கிவிடுவார்கள். அது முக்கியமாகச் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு. மெத்தென்று இருப்பதாலேயே முட்டிக்கு மருந்தாகிவிடாது. பின்வார் வைத்த சாதாரண சாண்டலே மேல்.

முட்டி ஆபரேஷன் முடிந்து பிசியோவிடம் போகிறீர்களா? வீட்டில் போடும் செருப்பையும் பையில் எடுத்துப் போங்கள். அதைப் போட்டும் நடந்து காட்டுங்கள், வெறுங்காலிலும் நடந்து காட்டுங்கள்.