சொல்வதெழுதுதல்

தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவர் எழுதும் பயிற்சிக்குச் சொல்வதெழுதுதல் என்று பெயர். கல்லூரிப் பருவத்தில் அப்பயிற்சி வேறொரு வடிவில் திரும்பி வருகிறது. அப்போது சொல்பவர் ஆசிரியர் அல்லர், ஊர் மக்கள். தொண்டு நிறுவனங்களும் ஆய்வு நிறுவனங்களும் கல்லூரிகளோடு இணைந்து கருத்துக்கணிப்பு நடத்தும்போது, வினாப்பட்டியலை ஏந்தி வீடுவீடாகச் செல்வோர் பெரும்பாலும் மாணவர்களே.

இப்பணிக்குத் தமிழகத்தில் நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக 1915இல் பொறுப்பேற்றவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் மாணவர்களை நூலகத்தோடு நிறுத்திவிடவில்லை. வினாப்பட்டியல் ஒன்றை அளித்து, விடுமுறையில் சிற்றூர்களை ஆராய்ந்து வரச் செய்தார். 1916 தொடங்கித் திரட்டிய அச்செய்திகள் 1918இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. அந்நூல் விரிவாகப் பேசும் ஊர்களுள் ஒன்று இருவேல்பட்டு. அன்று தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது.

அம்மாணவர் திரட்டியவை நிலம், கூலி, கடன் முதலியவை பற்றிய செய்திகள். இன்றைய மாணவர் திரட்டுபவை மக்களின் கருத்துகள். ஆயினும், கேட்டதைக் கேட்டவாறே எழுதும் அறம் இரண்டிற்கும் பொதுவானது. அவ்வறத்தின் பயன் உடனே தெரிவதில்லை. இருவேல்பட்டை 1930களில் பேராசிரியர்கள் பி.ஜே. தாமஸ், கே.சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் பொறுப்பில் மீண்டும் ஆராய்ந்தனர். 1980களிலும் 2008இலும் ஆய்வாளர்கள் அவ்வூரை நாடி வந்தனர். ஒரு நூற்றாண்டில் உழவும் கூலியும் எவ்வாறு மாறின என்பதை அறிய அவர்களுக்கு அடிப்படையாக அமைந்தது, 1916இல் எழுதப்பட்ட குறிப்பே. அன்று ஒரு கூலிக்கணக்கை ஊகித்து எழுதியிருந்தால், பின்வந்தோரின் ஒப்பீடு முழுவதும் சாய்ந்து போயிருக்கும்.

யாரிடம் கேட்பது என்பதும் எளிய வினா அன்று. 1936இல் அமெரிக்க இதழ் ஒன்று அதிபர் தேர்தலை முன்னிட்டு ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். லாண்டன் வெல்வார் என இதழ் அறிவித்தது, வென்றவர் ரூஸ்வெல்ட். முகவரிகளைத் தொலைபேசி வைத்திருந்தோர், மகிழுந்து வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து பெருமளவு திரட்டியது பிழைக்கு ஒரு காரணம். விடையளிக்க முன்வந்தோர் மட்டுமே கணக்கில் வந்தது மற்றொரு காரணம். எண்ணிக்கை பெரிதாயினும் குரல்கள் ஒரு பக்கத்தனவாக இருந்தன.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்று நூறு பேரைக் கேட்பதும் அத்தகையதே. ஊருக்குள் சென்றாலும், தார்ச்சாலை ஓரத்து வீடுகளோடு திரும்பிவிட்டால் ஊரின் பாதி விடுபட்டுப் போகும். விடியலில் வேலைக்குச் சென்றவர்கள் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவர். ஊருக்கு அப்பால் தனித்திருக்கும் காலனிக்குள் கால் வைக்கத் தயங்கும் மாணவர், ஊரின் கருத்து எனக் கொண்டு வருவது ஒரு தெருவின் கருத்தையே.

நண்பகல் வெயிலில் மல்லாட்டைக் கொல்லையில் களையெடுக்கும் மூதாட்டி ஒருவரிடம் ஒரு மாணவி சென்று, ஊர்ப் பள்ளியின் குறைகளைக் கேட்பதாகக் கொள்ளலாம். “எத எழுதினா நல்லதோ அத நீயே எழுதிக்கம்மா” என்கிறார் அவர். இவ்விடையைச் சோம்பல் என்று தள்ளுதல் தவறு. தாம் சொன்ன எதுவும் ஏறாத தாள்கள் பலவற்றைக் கண்டவரின் சொல் அது. அந்த இடத்தில் மாணவி தானே ஒரு விடையை எழுதிக்கொண்டால், அம்மூதாட்டி எண்ணியது மெய்யாகிவிடும். வரப்பில் அமர்ந்து, யாருக்காக, எதற்காகக் கேட்கிறோம் என விளக்கி, விருப்பமில்லையெனில் மறுக்கலாம் என்றும் கூறிக் காத்திருந்தால், விடை மெல்ல வரக்கூடும், வாராமலும் போகலாம். வாராதபோது அவ்விடத்தை வெற்றிடமாக விடுவதே நேர்மை.

பணியை ஒப்படைத்த நிறுவனத்திற்கும் ஒரு விருப்பம் இருத்தல் கூடும். “இத்திட்டத்தால் நீங்கள் பயன்பெற்றீர்கள் அல்லவா?” என்னும் வினா, விடையையும் தன்னோடு சுமந்து வருகிறது. “இத்திட்டம் உங்களுக்கு எவ்வாறு இருந்தது?” என மாற்றித் தரும்படி கோருவதும் மாணவர் கடமையே. நிறுவனம் பெறவேண்டியது புகழ்ச்சி அன்று, செய்தி.

மாலையில் தேநீர்க் கடையில் அமர்ந்து எஞ்சிய தாள்களை ஊகத்தால் நிரப்பிவிடலாம். அதை எவரும் உடனே கண்டறியமாட்டார். ஆனால் அத்தாளை நம்பி நாளை ஒரு சத்துணவுக்கூடமோ குடிநீர்த் தொட்டியோ வேறிடத்தில் அமைந்துவிடக்கூடும். தொடக்கப் பள்ளியில் சொல்வதெழுதுதலில் நேரும் பிழைக்கு மாணவரே மதிப்பெண் இழந்தார். இங்கு நேரும் பிழைக்கு இழப்பவர், விடை சொன்னவர்.